ஒரகடத்துக்கு எதற்கு உல்லன் தொப்பி?

மே மாதத்து உச்சி வெயிலில் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றிருக்கிறீர்களா? சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும் அங்கேதான் சந்திக்கின்றன. புத்தம்புதுக் கார்களை ஏற்றிய நீளமான லாரிகள் ஒரு பக்கம், ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்கள் இன்னொரு பக்கம். கால் வைக்க முடியாதபடி தார் கொதிக்கும். அந்த ஊரில் யாராவது உட்கார்ந்து உல்லன் நூலில் குட்டித் தொப்பி பின்னினால், "இந்த வெயிலுக்கு இது யாருக்கு?" என்று கேட்கத் தோன்றும், இல்லையா?

நல்ல கேள்வி. அதைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

உலகின் பல ஊர்களில் தேவாலயப் பெண்கள் வாரத்துக்கு ஒருநாள் ஒன்றாக உட்கார்ந்து பின்னுகிறார்கள். பிறந்த குழந்தைக்குத் தொப்பி, காலுறை, சின்னப் போர்வை என்று கையால் செய்து, வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நம் ஊர்த் தேவாலயங்களிலும் பெண்கள் ஐக்கிய சங்கம் என்று ஒன்று இருக்கும். ஒரகடம் பக்கத்துத் தேவாலயம் ஒன்றில் அப்படிப் பின்னத் தொடங்கினால், அங்கே என்ன பின்ன வேண்டும், எந்த நூலில், எந்த அளவில், யாருக்கு? இதற்கெல்லாம் பதில் அறிவியலில் இருக்கிறது. முதலில் நூலைப் பார்ப்போம்.

ஒரகடத்தில் டயர் தொழிற்சாலை உண்டு. டயர் முழுக்க ரப்பர் என்றுதானே நினைக்கிறோம்? ரப்பருக்குள் நூல் இருக்கிறது. பாலியெஸ்டர், நைலான் போன்ற உறுதியான இழைகளை முறுக்கிய கயிறுகளை நெருக்கமாக, நேர் நேராக அடுக்கி, அவற்றின் மேல் ரப்பரைப் பூசுகிறார்கள். நேராகக் கிடக்கும் நூலைப் பிடித்து இழுத்தால் அது நீள்வதற்கு இடமே இல்லை. அதனால்தான் உள்ளே அத்தனை அழுத்தத்தில் காற்று அடைத்தாலும் டயர் ஊதிப் பெருத்துவிடாமல் தன் வடிவத்திலேயே இருக்கிறது.

வாலாஜாபாத் தாண்டினால் காஞ்சிபுரம். அங்கே தறியில் பட்டுநூல் வேறு விதமாகப் போகிறது. நீளவாக்கில் கட்டிய நூல் பாவு. அதன் குறுக்கே, ஒன்றுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று நாடா கொண்டுபோகும் நூல் ஊடை. பாவும் ஊடையும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. சேலையை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், அநேகமாக நீளாது. அகலவாக்கில் இழுத்தாலும் நீளாது. மூலைக்கு மூலை சாய்வாக இழுத்தால் மட்டும் கொஞ்சம் இடம் கொடுக்கும். (அம்மாவின் பட்டுச்சேலையில் வேண்டாம். உங்கள் கைக்குட்டையில் செய்து பாருங்கள்.)

மூன்றாவது, திருப்பூர். பனியன். அதே பருத்திநூல்தான் உங்கள் பள்ளிச் சட்டையிலும் இருக்கிறது, பனியனிலும் இருக்கிறது. சட்டையில் பொத்தானைக் கழற்றாமல் தலையை நுழைக்க முடியாது. பனியனில் தலை எப்படிப் புகுந்தாலும் கழுத்து விரிந்து கொடுத்துவிட்டு, பிறகு தன் அளவுக்குத் திரும்பிவிடுகிறது. நூல் ஒன்றுதான், அது போகும் பாதைதான் வேறு. டயரில் நேராகப் படுத்த நூல், தறியில் மேலும் கீழுமாகப் போன நூல், பனியனில் வளைந்து வளைந்து போகிறது.

ஒரு பழைய பனியனை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ஆங்கில 'வி' எழுத்து வரிசை வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு 'வி'யும் ஒரு கண்ணி. ஒரு கண்ணியின் உள்ளிருந்து அடுத்த வரிசைக் கண்ணி எட்டிப் பார்க்கிறது, அதற்குள்ளிருந்து அடுத்தது. இழுக்கும்போது நூல் நீள்வதில்லை. அகலமாக வளைந்திருந்த கண்ணி ஒடுங்கி நீளமாகிறது, அவ்வளவுதான். விட்டதும், வளைக்கப்பட்ட நூல் தன் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கிறது. துணி சுருங்கிக்கொள்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான கண்ணிகள் உள்ள ஒரு பின்னல் தொப்பியில், நடுவே ஒரு முடிச்சுகூட இல்லை. கடைசிக் கண்ணியை விடுவித்து நூல் நுனியைப் பிடித்து இழுத்தால் வரிசை வரிசையாகப் பிரிந்து, முழுத் தொப்பியும் மறுபடி ஒரே நூலாகக் கையில் வந்துவிடும். கிழியவில்லை, அறுபடவில்லை. குழந்தை வளர்ந்ததும் ஸ்வெட்டரைப் பிரித்து, அந்த நூலிலேயே பெரிய ஸ்வெட்டர் பின்னுவது குளிர் ஊர் வீடுகளில் வழக்கம்.

கையால் பின்னுவதற்கு வருவோம். நிட்டிங் என்றால் இரண்டு ஊசி. ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியில் காத்திருக்கும். குரோஷா என்றால் கொக்கி வைத்த ஒரே ஊசி. அதில் எந்த நேரத்திலும் அநேகமாக ஒரு கண்ணிதான் திறந்திருக்கும், மற்றவை மூடியாகிவிட்டன. நிட்டிங்கில் ஒரு கண்ணி நழுவினால் கீழே வரை ஏணிபோட்டுப் பிரிந்துகொண்டே போகும். குரோஷாவில் அந்தப் பயம் குறைவு, ஆனால் துணி சற்றுத் தடிமனாக, குறைவாக நீளும்படி வரும்.

நிட்டிங்கில் கண்ணியை முன்பக்கமாக இழுத்தால் நிட், பின்பக்கமாக இழுத்தால் பர்ல். இந்த இரண்டே அசைவுகளை எந்த வரிசையில் போடுகிறோம் என்பதைப் பொறுத்துத் துணியின் குணமே மாறிவிடும். ஒரு பக்கம் முழுவதும் நிட் என்றால் துணியின் ஓரம் சுருண்டுகொள்ளும். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் கோடுகோடாக மடிந்து, நன்றாக நீண்டு, நன்றாகச் சுருங்கும். ஸ்வெட்டரின் மணிக்கட்டுப் பட்டையில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் எலிசபெட்டா மாட்சுமோட்டோ என்ற இயற்பியலாளர் இதையேதான் ஆராய்கிறார். நூலை மாற்றாமல், கண்ணியின் வரிசையை மட்டும் மாற்றித் துணியின் நெகிழ்வை எப்படி முன்கூட்டியே கணக்கிடுவது என்பது அவருடைய கேள்வி. பாட்டிகள் கையில் இருந்த ஒரு கணக்கை இப்போது இயற்பியல் எழுதிப் பார்க்கிறது.

சரி, நீளும் துணி. அது எப்படிச் சூடாக வைத்துக்கொள்கிறது?

உல்லன் தொப்பி சூட்டைத் தருவதில்லை. மேசை மேல் கிடக்கும் தொப்பிக்குள் தெர்மாமீட்டர் வைத்தால் அறையின் வெப்பநிலையைத்தான் காட்டும். தொப்பி செய்வது ஒன்றே ஒன்று: உள்ளே இருக்கும் சூடு வெளியே போகும் வேகத்தைக் குறைப்பது. அந்த வேலையையும் பெரும்பாலும் நூல் செய்வதில்லை, காற்று செய்கிறது. கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே, இழைக்கும் இழைக்கும் நடுவே காற்று சிக்கிக்கொண்டிருக்கிறது. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. தண்ணீர் கடத்துவதில் இருபதில் ஒரு பங்குகூட அது கடத்தாது. ஆனால் காற்று அசைந்தால் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதை அசையவிடாமல் சின்னச் சின்ன இடுக்குகளில் நிறுத்திவைப்பதுதான் பின்னிய துணியின் திறமை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஒரே மாதிரி மூன்று எவர்சில்வர் டம்ளர்களில் குளிக்கும் சூட்டுக்கு வெந்நீர் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். ஒன்றுக்கு உலர்ந்த உல்லன் சாக்ஸ் மாட்டுங்கள். மூன்றாவதுக்கு, அதே சூட்டு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சாக்ஸ் மாட்டுங்கள். மூன்றையும் தட்டால் மூடி, அரைமணி நேரம் கழித்துப் பள்ளி ஆய்வகத் தெர்மாமீட்டரால் அளந்து எழுதுங்கள். (காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் வேண்டாம், இந்தச் சூட்டுக்கு அது கெட்டுப்போகும்.) உலர்ந்த சாக்ஸ் போட்ட டம்ளர் அதிகச் சூடாக இருக்கும். ஈர சாக்ஸ் போட்ட டம்ளரைத் தொட்டுப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். துணி போர்த்தியிருக்கிறது, ஆனாலும் அதுதான் சீக்கிரம் ஆறியிருக்கும். காற்று இருந்த இடுக்குகளில் தண்ணீர் புகுந்துவிட்டது. மேலும், அந்தத் தண்ணீர் ஆவியாகும்போது, ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை டம்ளரிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதே கணக்கால்தான்.

ஈர டம்ளரை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இப்போது நாம் குழந்தை பிறக்கும் அறைக்குள் போகிறோம்.

தாயின் வயிற்றுக்குள் குழந்தை இருக்கும் இடம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். பத்து மாதமும் அதே சூடு, அதே திரவம். பிறந்த நொடியில் அது உடம்பு முழுக்க ஈரத்தோடு வெளியே வருகிறது. அறை 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அது குளிரே இல்லை, மின்விசிறிகூடப் போடுவோம். குழந்தைக்கோ, ஒரே நொடியில் 9 டிகிரி வித்தியாசம், மேலே ஈரம் வேறு. வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே போகும். ஒரகடம் வெயில் ஊர்தான். ஆனாலும் வருடத்தின் பல நாட்களில், பல மணி நேரங்களில் அறைக்காற்று 37 டிகிரிக்குக் கீழேதான் இருக்கிறது. பிரசவ அறையில் ஏசி ஓடினால் கேட்கவே வேண்டாம். அறை குறைந்தது 25 டிகிரியாவது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதே அறையில் இருக்கும் டாக்டருக்கும் செவிலியருக்கும் குளிரவில்லையே, குழந்தைக்கு மட்டும் ஏன்? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் 1 செ.மீ. உள்ள கனசதுரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு முகங்கள், ஆக மேற்பரப்பு 6 சதுர செ.மீ. உள்ளே இருக்கும் கனஅளவு 1. இப்போது 10 செ.மீ. பக்கம் உள்ளது. மேற்பரப்பு 600, கனஅளவு 1,000. சின்னதற்கு ஒரு கன செ.மீ.க்கு 6 சதுர செ.மீ. மேற்பரப்பு, பெரியதற்கு 0.6தான். உருவம் சின்னதாகச் சின்னதாக, உள்ளே இருக்கும் பொருளோடு ஒப்பிட்டால் தோல் அதிகமாகிறது. சூடு உண்டாவது உள்ளே, போவது தோல் வழியே.

மூன்று கிலோ குழந்தையின் தோல் ஏறக்குறைய 2,000 சதுர செ.மீ., அதாவது கிலோவுக்கு 670. அறுபது கிலோ பெரியவரின் தோல் ஏறக்குறைய 16,000, கிலோவுக்கு 270தான். குழந்தைக்கு இரண்டரை மடங்கு. முப்பத்தேழு வாரம் முடிவதற்கு முன்பே, ஒன்றரைக் கிலோவில் பிறந்துவிட்ட குறைமாதக் குழந்தைக்கு இந்த அளவு இன்னும் கூடும். அதன் தோல் மெல்லியது, தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு.

அடுத்து, தலை. உங்கள் உயரத்தில் தலையின் பங்கு எவ்வளவு என்று கண்ணாடி முன் நின்று அளந்து பாருங்கள். பெரியவர்களுக்கு ஏழில் ஒன்றிலிருந்து எட்டில் ஒன்று. பிறந்த குழந்தைக்கு நாலில் ஒன்று! அதன் மொத்தத் தோலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலையில்தான் இருக்கிறது. உடம்பைத் துணியால் சுற்றிவிட்டுத் தலையை மட்டும் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். சூடு தலை வழியே போகும்.

நமக்குக் குளிரினால் உடம்பு நடுங்கும். தசைகள் படபடவென்று சுருங்கி விரிந்து சூட்டை உண்டாக்கும். பிறந்த குழந்தைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. அதற்குப் பதிலாக இயற்கை அதற்கு ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறது: பழுப்புக் கொழுப்பு. தோள்பட்டைகளுக்கு நடுவே, கழுத்தில், சிறுநீரகங்களைச் சுற்றி இது இருக்கும். சாதாரணக் கொழுப்பு சக்தியைச் சேமித்து வைக்கும். பழுப்புக் கொழுப்பு தன்னையே எரித்து நேரடியாகச் சூடாக்கும். அற்புதமான ஏற்பாடு. ஆனால் அதற்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் நிறைய செலவாகும். பால் குடித்துச் சேர்த்த சக்தியெல்லாம் எடை போடுவதற்குப் போகாமல் சூடாக்குவதற்கே போய்விடும். குறைமாதக் குழந்தைக்கோ இந்தக் கொழுப்பே கொஞ்சம்தான், அது சேர்வதற்குள் பிறந்துவிட்டது.

பிறந்த குழந்தையின் உடல் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 36.5க்குக் கீழே போனாலே மருத்துவர்கள் கவலைப்படத் தொடங்குகிறார்கள். ஒரே ஒரு டிகிரி உள்ள அந்தச் சின்ன இடைவெளியில்தான் நம் குட்டித் தொப்பிக்கு வேலை.

தொப்பிக்கு முன்னால் செய்ய வேண்டியது, உடனே துடைப்பது. ஈர டம்ளர் நினைவிருக்கிறதல்லவா? துடைத்துவிட்டு, உலர்ந்த தொப்பியைப் போட்டு, அம்மாவின் மார்பில் தோலோடு தோலாகக் குழந்தையைப் படுக்கவைத்து, இருவருக்கும் சேர்த்துப் போர்த்துவது. இதைக் 'கங்காரு பராமரிப்பு' என்கிறார்கள். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், எட்கர் ரே சனப்ரியா என்ற மருத்துவர் இதைத் தொடங்கினார். அவர் மருத்துவமனையில் எடை குறைந்த குழந்தைகள் அதிகம், சூடேற்றும் பெட்டிகளோ போதவில்லை. அம்மாக்களின் மார்புச் சூட்டையே நம்பினார். ஏழை மருத்துவமனை ஒன்று வேறு வழியில்லாமல் செய்தது, பிறகு ஆராய்ந்து பார்த்தபோது மிகச் சிறந்த மருத்துவம் என்று தெரிந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம், குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இதைத் தொடங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கங்காரு பராமரிப்பில் குழந்தைக்கு உடை மிகக் கொஞ்சம்: அணையாடை, காலுறை, தலையில் தொப்பி. அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். அம்மா களைத்திருக்கும்போது அப்பாக்கள் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையை மார்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட அழகான காட்சி எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

அப்படியானால் ஒரகடத்துக் குழந்தைகள் எல்லோரும் எப்போதும் தொப்பி போட வேண்டுமா? கூடாது! இதுவும் அதே இயற்பியல்தான். மே மாதத்தில் அறைக்காற்று 37 டிகிரியைத் தாண்டினால் வெப்பம் வெளியிலிருந்து உள்ளே வரத் தொடங்கும். அப்போது உடம்பைக் குளிரவைக்க ஆவியாதல்தான் ஒரே வழி, அதைத் தொப்பி தடுத்துவிடும். நல்ல எடையோடு, நலமாக வீட்டுக்கு வந்துவிட்ட குழந்தை வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி வேண்டியதில்லை. அதிகச் சூடும் குழந்தைக்கு ஆபத்து, முகத்தில் நழுவி விழும் துணியும் ஆபத்து. எப்போது போட வேண்டும், எப்போது கழற்ற வேண்டும் என்பதை டாக்டரும் செவிலியரும் சொல்ல வேண்டும். அன்பாகக் கொடுத்த பரிசு என்பதற்காக நாள் முழுக்கப் போட்டுவைக்கக் கூடாது.

இன்னொரு பரிசைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2013இல் டென்மார்க்கில், குறைமாதக் குழந்தைகளுக்காகக் குரோஷாவில் குட்டி ஆக்டோபஸ் பொம்மைகள் பின்னும் வழக்கம் தொடங்கியது. அதன் கால்களைப் பிடித்துக்கொண்டால் தொப்புள்கொடியைப் பிடித்த ஞாபகம் வந்து குழந்தை அமைதியாகும் என்றார்கள். கேட்க மிகவும் இனிமையாக இருக்கிறது. உலகெங்கும் பின்னத் தொடங்கினார்கள். ஆனால் மனதைத் தொடும் கதை வேறு, சோதித்து நிரூபித்த உண்மை வேறு. கங்காரு பராமரிப்புக்குப் பின்னால் இருப்பதுபோல் உறுதியான ஆதாரம் ஆக்டோபஸுக்கு இல்லை. நூல் பிரிந்து குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டமே நின்றுவிடும் என்ற கவலையும் உண்டு. எனக்கும் அந்தப் பொம்மை பிடிக்கும். ஆனாலும் என் கையில் ஒரே ஒரு கண்டு நூல்தான் இருக்கிறது என்றால் தொப்பிதான் பின்னுவேன்.

தேவாலயத்துக்கும் பின்னலுக்கும் உள்ள உறவு பழையது. இங்கிலாந்தில் நாட்டிங்காம் பக்கத்தில் கால்வர்டன் என்ற ஊரின் தேவாலயத்தில் ஊழியம் செய்த வில்லியம் லீ, 1589இல் காலுறை பின்னும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். ஒரு கண்ணிக்கு ஓர் ஊசி என்று வரிசையாக ஊசிகளை நிறுத்தி, ஒரு வரிசையை ஒரே அசைவில் பின்னும்படி செய்தார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளுக்கு வேலை போய்விடும் என்று அரசி முதலாம் எலிசபெத் அதற்கு உரிமை தர மறுத்ததாகச் சொல்வார்கள். இன்று திருப்பூரில் வட்டமாகச் சுழன்று பனியன் துணி பின்னும் இயந்திரங்கள் அந்த யோசனையின் வழி வந்தவை.

நம் பக்கத்தில், 1819இன் கடைசியில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் நாகர்கோவில் வந்தார்கள். 1821இல் மார்த்தா, தன் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது நிட்டிங் அல்ல. திண்டின் மேல் ஊசிகள் குத்தி, கட்டைகளில் சுற்றிய பல நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாக முறுக்கிச் செய்வது. அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அங்கே படித்த பெண்பிள்ளைகளில் சிலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். லேஸ் விற்ற காசைச் சேர்த்து அவர்கள் விடுதலையை வாங்கினார்கள். நூல் எத்தனையோ வேலைகள் செய்திருக்கிறது, இதைவிடப் பெரிய வேலை எதுவும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்தார். ஆம், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்தான். எலைசா இடையன்குடியிலும் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார்.

இந்தக் காலத்துக்கு வந்தால், சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழு. தேவாலயக் குழு அல்ல, குரோஷா தெரிந்த பெண்கள் ஊர் ஊராகச் சேர்ந்தது. தனித்தனியாகப் பின்னிய போர்வைகளை 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ஒன்றாக இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் பரப்பில் உலகின் மிகப் பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸ் சாதனை செய்தார்கள். ஒரு கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பெருக்கிப் பார்த்தால் ஒன்றரை மைதானத்துக்கும் மேல்! சாதனை முடிந்ததும் மறுபடி தனிப் போர்வைகளாகப் பிரித்து ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். சாதனையைவிட இந்தப் பிரித்துக் கொடுத்தல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அரசும் இதே திசையில் யோசித்திருக்கிறது. 2015இல் தமிழ்நாட்டில், அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்குத் துண்டு, உடை, கொசுவலை உட்பட 16 பொருள்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் தரத் தொடங்கினார்கள். ஆகவே பின்னுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, மருத்துவமனைக்குப் போய்ச் செவிலியரிடம், "உங்களிடம் எது இல்லை?" என்று கேட்பது.

இனி அளவு. நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்று ஏறக்குறைய 34 செ.மீ. தொப்பி அதே 34 இருந்தால் நழுவிவிடும். பின்னிய துணி நீளும் என்பதால் பத்தில் ஒரு பங்கு குறைத்து, ஏறக்குறைய 30 செ.மீ.க்குப் பின்ன வேண்டும். முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணுங்கள். 20 வந்தால், 30 செ.மீ.க்கு 60 கண்ணி. ஓரத்துக்கு இரண்டு நிட், இரண்டு பர்ல் போட வேண்டுமே, 60 நாலால் வகுபடுகிறதா? வகுபடுகிறது. பின்னத் தொடங்கலாம். குறைமாதக் குழந்தைகளின் தலை இதைவிடச் சிறியது, அவர்களுக்கு மூன்று நாலு சிறிய அளவுகளிலும் செய்துவைக்க வேண்டும். பொத்தான், மணி, ரிப்பன், தொங்கும் குஞ்சம் எதுவும் வேண்டாம். ஓட்டை ஓட்டையான அலங்காரப் பின்னலும் வேண்டாம், விரல் மாட்டிக்கொள்ளும்.

நம் ஊர்க் கடையில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது ஆட்டு ரோமம் அல்ல, அக்ரிலிக். பெட்ரோலியத்திலிருந்து செய்வது. அதுவும் காற்றைப் பிடித்துவைக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சாது. உண்மையான கம்பளி இழை, நம் தலைமுடியில் இருக்கும் அதே கெரட்டின் புரதம். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாது. ஒரகடத்துக் குழந்தைக்கு மெல்லிய பருத்திநூல் தொப்பியே பெரும்பாலும் போதும், வேர்க்குரு வராது.

அப்படியானால் கம்பளியும் அக்ரிலிக்கும் யாருக்கு? ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். இங்கே பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜனவரியில் அவர்கள் ரயிலில் ஊருக்குப் போவார்கள். பீகார் கிராமத்தில் அப்போது இரவு 10 டிகிரியை ஒட்டி இறங்கும், சில நாட்களில் அதற்கும் கீழே போகும். சென்னைப் பக்கத்துக் கடைகளில் தடித்த போர்வையும் கம்பளித் தொப்பியும் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பயணத்துக்கு, அந்த இரவுகளுக்கு, உல்லன் தொப்பியும் காலுறையும் போர்வையும் வேண்டும்.

கொடுப்பதற்கு முன் மணமில்லாத சோப்பில் துவைத்து, நன்றாக உலர்த்தி, சுத்தமான உறையில் போடுங்கள். எந்த நூல் என்று ஒரு சீட்டில் எழுதுங்கள், தமிழிலும் இந்தியிலும் எழுதினால் நல்லது. காரணம், பருத்தியைச் சுடுநீரில் துவைக்கலாம், ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் துவைப்பார்கள். ஆட்டு ரோம இழையின் மேலோ நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சுடுநீரில் போட்டுக் கசக்கினால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு விடவே விடாது. துணி சுருங்கித் தடித்துப்போகும், 30 செ.மீ. தொப்பி எந்தக் குழந்தைக்கும் போட முடியாத அளவுக்குச் சின்னதாகிவிடும். ஆகவே கம்பளி என்றால் சீட்டில் இப்படி எழுதுங்கள்: குளிர்ந்த நீர், கசக்காமல் அலசவும், நிழலில் விரித்துக் காயவைக்கவும்.